எலிசாவின் நாவும் ஹிக்கின்ஸின் செருப்பும்: 'பிக்மேலியன்' நாடகம் குறித்துச் சில குறிப்புகள்

பேர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் பலர் ஒரே வாய்பாட்டைத்தான் ஒப்புவிக்கிறார்கள். தெருவில் பூ விற்ற பெண்ணொருத்தி திருத்தமாகப் பேசப் பழகினாள், சீமாட்டியாகிவிட்டாள், ஆகவே பேச்சே மனிதரை உயர்த்துகிறது என்பது அந்த வாய்பாடு. 1956இல் மேடைக்கும் 1964இல் திரைக்கும் வந்த 'மை ஃபெயார் லேடி' அதற்கு இசையும் நடனமும் சேர்த்து உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்புகளின் விளம்பரப் பலகைக்கு இது பொருந்தலாம். நாடகத்துக்குப் பொருந்தாது. நான் வாசித்த 'பிக்மேலியன்' வேறொரு சங்கதியைச் சொல்கிறது. திருத்தமான பேச்சும் பண்பான பழக்கவழக்கமும் கீழிருந்து மேலேறி வருபவரிடம் மாத்திரம் அறவிடப்படும் வரி. ஏற்கெனவே மேலே அமர்ந்திருப்பவரிடம் அந்த வரியை எவரும் கேட்பதில்லை. நாடகத்தின் சிரிப்பும் கசப்பும் இந்த ஓரவஞ்சனையிலிருந்தே பிறக்கின்றன.

ஷா இதை எழுதியது 1912இல். இலண்டன் தெருப்பேச்சைப் பற்றிய இந்நாடகம் 1913 ஒக்டோபரில் வியன்னாவில் ஜேர்மன் மொழியிலேயே முதலில் மேடையேறியது என்பது ஒரு வேடிக்கை. இலண்டன் மேடையேற்றம் 1914 ஏப்ரலில் நடந்தது. கொவென்ட் கார்டனில் ஒரு தேவாலய வாயில் மண்டபம், இரவு, கொட்டும் மழை. மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் கனவான்களும் இருக்கிறார்கள், பூக்கூடையோடு எலிசாவும் இருக்கிறாள். தூணின் மறைவில் நின்று ஒருவர் எல்லோர் பேச்சையும் குறித்துக்கொண்டிருக்கிறார். தன் பேச்சை யாரோ எழுதிக்கொள்கிறார் என்று அறிந்ததும் எலிசா நடுங்கிப்போகிறாள். ஏழைப்பெண்ணின் பேச்சை எழுதிக்கொள்பவர் அவளைப் பொறுத்தமட்டில் பொலிஸ்காரராகவே இருக்க முடியும். அவரோ பேராசிரியர் ஹிக்கின்ஸ், ஒலியியல் அறிஞர். வாயைத் திறந்தால் போதும், ஆள் எந்த ஊர் என்பதை ஆறு மைல் எல்லைக்குள் சொல்லிவிடுவார். இலண்டனுக்குள் என்றால் இரண்டு மைல், சில வேளைகளில் இரண்டே தெரு. எலிசாவின் பயம் முழுக்கத் தவறானதல்ல. ஒரு மனிதரின் பேச்சைக்கொண்டு அவர் பிறந்த சந்தைக் கண்டுபிடிப்பது பொலிஸ் வேலையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை.

இந்தக் காட்சியில் ஷா செய்யும் ஒரு காரியம் எழுத்தாளர்களாகிய நம் கவனத்துக்குரியது. எலிசாவின் முதல் சில வசனங்களை அவள் உச்சரிக்கும் விதமாகவே எழுத முயல்கிறார். பிறகு, இலண்டனுக்கு வெளியே இது எவருக்கும் விளங்காது என்ற காரணத்தைப் பிரதியிலேயே சொல்லி, அந்த முயற்சியைக் கைவிடுகிறார். ஆங்கில நெடுங்கணக்கில் ஹிக்கின்ஸின் பேச்சுக்கு இடமிருக்கிறது, எலிசாவின் பேச்சுக்கு இல்லை. இது ஷாவை விடாமல் உறுத்தியது. புதிய நெடுங்கணக்கு ஒன்றை உருவாக்கத் தமது மரண சாசனத்தில் பணம் ஒதுக்கினார். 1950இல் அவர் காலமானார். அவருடைய 'அண்ட்ரோக்கிள்ஸும் சிங்கமும்' என்ற நாடகம் அந்தப் புதிய எழுத்தில் 1962இல் அச்சேறியது. அத்தோடு அது ஒரு புதுமைப் பொருளாகவே நின்றுவிட்டது. அறபு எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துத் தம் தமிழை அறபுத் தமிழாக எழுதிவைத்த நம் முன்னோர் ஷாவின் இந்தத் தவிப்பை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் எலிசா ஹிக்கின்ஸின் வீடு தேடி வருகிறாள். பூக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும், அதற்கு மரியாதையான பேச்சு வேண்டும், பாடத்துக்கு ஒரு ஷில்லிங் தருவதாகப் பேரம் பேசுகிறாள். ஹிக்கின்ஸ் உடனே கணக்குப் போடுகிறார். அவளுடைய ஒரு நாள் வருமானம் இரண்டரை ஷில்லிங் அளவில் இருக்கும். அதில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொடுக்க முன்வருகிறாள். ஒரு கோடீசுவரன் இதே விகிதத்தில் கொடுப்பதானால் ஏறக்குறைய 60 பவுண் ஆகும். தமக்குக் கிடைத்த ஆகப்பெரிய கட்டணம் இதுதான் என்று மகிழ்கிறார். ஆனால் எலிசாவோ 60 பவுணுக்குத் தான் எங்கே போவேன் என்று பதறி அழத் தொடங்குகிறாள். சிரிக்க வைக்கும் இடந்தான். எனினும் இந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு சங்கடம் கிடக்கிறது. அவளுடைய வறுமையைத் துல்லியமாக அளக்கத் தெரிந்த மனிதருக்கு எதிரே நிற்கும் அவளைப் பார்க்கத் தெரியவில்லை.

அவளைப் பண்படுத்தும் பணி தொடங்கும்போதே வீட்டுப் பொறுப்பாளர் திருமதி பியர்ஸ் ஒரு வேண்டுகோளோடு வருகிறார். அது எலிசாவைப் பற்றியதல்ல, எசமானைப் பற்றியது. அந்தப் பெண்ணின் முன்னிலையில் தூஷண வார்த்தை பேச வேண்டாம், இரவு அங்கியோடு காலைச் சாப்பாட்டுக்கு வர வேண்டாம், அந்த அங்கியிலேயே கை துடைக்கவும் வேண்டாம். ஹிக்கின்ஸின் சொந்தத் தாயாரோ தாம் விருந்தினரை வரவேற்கும் நாட்களில் மகன் வீட்டுப்பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவைத்திருப்பவர். வந்தால் சிநேகிதிகள் மனம் நோகும்படி எதையாவது பேசிவிடுவார். பண்பைக் கற்பிக்க வந்த ஆசிரியர்தான் நாடகத்திலேயே ஆகப் பண்பற்றவர். அவருடைய சமூக அந்தஸ்தில் இதனால் ஒரு கீறலும் விழவில்லை. மேதைகள் அப்படித்தான் என்று உலகம் மன்னித்துவிடுகிறது. எலிசா அதே சொல்லை உதிர்த்தால் அவள் சாக்கடையில் பிறந்தவள் என்பதற்கு அது சாட்சியாகிறது.

மூன்றாம் அங்கத்தில் அந்தத் தாயாரின் வரவேற்பறைக் காட்சி வருகிறது. இதுபோன்ற நகைச்சுவைக் காட்சி உலக நாடகத்தில் அதிகம் இல்லை. எலிசாவின் உச்சரிப்பு இப்போது குறைசொல்ல முடியாதது. பேசுவதற்கு அவளுக்கு அனுமதிக்கப்பட்ட விடயங்கள் இரண்டு: காலநிலை, சுகநலம். சுகநலத்திலிருந்து அவள் தன் பெரியம்மாவின் மரணத்துக்குப் போய்விடுகிறாள். அவர் இன்புளுவென்சாவில் செத்ததாகச் சொல்கிறார்கள், தனக்கு அதில் நம்பிக்கையில்லை, தனக்கு வரவேண்டிய புதிய வைக்கோல் தொப்பியை யாரோ திருடினார்கள், திருடியவர்களேதான் ஆளையும் முடித்திருப்பார்கள் என்று பளிங்குபோன்ற உச்சரிப்பில் விளக்குகிறாள். பெரியம்மாவுக்கு மதுபானம் தாய்ப்பால் போல என்கிறாள். அங்கிருக்கும் ஃப்ரெடி என்ற இளைஞன் இதை நாகரிகத்தின் புதுப்பாணி என்று எண்ணிச் சிரிக்கிறான். புறப்படும் தருணத்தில் எலிசா 'பிளடி' என்ற வசைச்சொல்லைச் சர்வசாதாரணமாக உதிர்க்க, ஃப்ரெடியின் தங்கை கிளாராவும் அதைப் பொறுக்கியெடுத்துத் தான் போகும்போது பயன்படுத்திப் பார்க்கிறாள். 1914இல் அந்தச் சொல் மேடையில் ஒலித்தது இலண்டன் பத்திரிகைகளுக்குப் பெரிய பரபரப்பு. என்னைப் பொறுத்தவரை எலிசா சொன்னது முக்கியமல்ல, கிளாரா திருப்பிச் சொன்னதுதான் முக்கியம். சீமாட்டி என்று நம்பப்பட்டவள் வாயிலிருந்து வந்ததும் வசைச்சொல் நாகரிகமாகிவிட்டது. சொல்லில் தாழ்வு இருக்கவில்லை, அதைச் சொன்னவள் யார் என்ற எண்ணத்தில்தான் இருந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த நிரூபணம் வேண்டியதில்லை.

இந்தக் கிளாராவின் குடும்பத்தை நம் விமர்சகர்கள் கடந்துபோய்விடுகிறார்கள். அது தவறு. உயர்குடிப் பேச்சும் பழக்கமும் பரம்பரையாக உள்ளவர்கள், கையில் காசில்லாதவர்கள். விருந்துகளுக்குப் போகக்கூட வசதி போதாது என்பதைத் தாயார் தயங்கித் தயங்கி வெளிப்படுத்துகிறார். எலிசா ஏற முயலும் ஏணியின் மேற்படியில் நின்று வழுக்கிக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்.

மறுபுறத்தில் எலிசாவின் தந்தை டூலிட்டில் வருகிறார். குப்பை அள்ளும் தொழிலாளி. மகளை ஹிக்கின்ஸிடம் விட்டுவைப்பதற்கு 5 பவுண் கேட்கிறார். 10 பவுண் தர முன்வந்தால் மறுத்துவிடுகிறார், பெருந்தொகை கைக்கு வந்தால் சேமிக்கும் புத்தி வந்து நிம்மதி போய்விடுமாம்! அவருடைய நாவன்மையில் மயங்கிய ஹிக்கின்ஸ், இங்கிலாந்தின் ஆகச் சுயமான ஒழுக்கவாதி இவர்தான் என்று அமெரிக்கச் செல்வந்தர் ஒருவருக்கு வேடிக்கையாக எழுதிப்போட, அந்தச் செல்வந்தர் இறக்கும்போது டூலிட்டிலுக்கு ஆண்டுக்கு 3000 பவுண் வரும் பங்கை எழுதிவைத்துவிடுகிறார். ஆண்டுக்கு ஆறு தடவை வரை ஒழுக்கத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்ற வேண்டும் என்பதே நிபந்தனை. ஐந்தாம் அங்கத்தில் அவர் புத்தாடையும் பட்டுத்தொப்பியுமாக வந்து நிற்கிறார். பேச்சு மாறவில்லை. ஓர் உயிரெழுத்துக்கூடத் திருத்தப்படவில்லை. ஆனாலும் அவர் இப்போது மத்தியதர வர்க்கம். முன்பு அண்டவிடாத வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் உறவுக்காரர்களும் அவரைத் தேடி வருகிறார்கள். இனி நடுத்தர வர்க்கத்துப் பேச்சை ஹிக்கின்ஸிடம் பணம் கொடுத்துப் படிக்க வேண்டிவரும் என்று அவரே அலுத்துக்கொள்கிறார். ஆறு மாதம் இரவுபகலாகத் தொண்டையை வருத்தி மகள் அடைய முயன்ற இடத்துக்குத் தந்தை ஒரு கடிதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பேச்சு முன்வாசல் சாவி. பணமுள்ளவருக்கு வாசலே தேவைப்படுவதில்லை, சுவர் விலகிக்கொள்கிறது.

நான்காம் அங்கத்தில் வெற்றி கிடைத்துவிட்டது. விருந்தில் எலிசாவை எவராலும் இனங்காண முடியவில்லை. ஷா பின்னர் திரைப்படத்துக்கென எழுதி 1941 பதிப்பில் சேர்த்த விருந்துக் காட்சியில் ஹிக்கின்ஸின் பழைய மாணவனான ஹங்கேரியன் ஒருவன் அவளை நோட்டமிட்டு, இவள் ஆங்கிலேயப் பெண்ணே அல்லள், இவ்வளவு பிழையற்ற ஆங்கிலம் கற்றுக்கொண்டவருக்கே வரும் என்று தீர்ப்பளிக்கிறான். எத்தனை கூர்மையான அவதானம்! பிழைவிடும் உரிமையும் உள்ளே பிறந்தவர்களின் சொத்துத்தான். ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று நமது பல்கலைக்கழகங்களின் சிங்கள மாணவர்கள் அழைத்ததன் பொருள் இந்த இடத்தில் நன்றாக விளங்குகிறது. பரம்பரையாக வாள் வைத்திருப்பவர் அதைக் காட்டாமலே நடக்கிறார். புதிதாக வாங்கியவர்தான் உறையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்க்கிறார்.

விருந்து முடிந்து வீடு திரும்பிய ஹிக்கின்ஸ், இந்தச் சலிப்பூட்டும் வேலை ஒருவாறு முடிந்தது என்று எலிசாவின் காதுபடவே பெருமூச்சு விட்டுத் தம் செருப்பைத் தேடுகிறார். செருப்புகள் எலிசாவின் கையிலிருந்து அவர் முகத்துக்கு வருகின்றன. முன்பு பூ விற்றேன், என்னை விற்கவில்லை, இப்போது சீமாட்டியாக்கிவிட்டீர்கள், வேறெதையும் விற்கத் தகுதியற்றவளாகிவிட்டேன் என்பதே அவள் சொல்வதன் சாரம். உடுத்தியிருக்கும் உடுப்புகளில் எவை தனக்குச் சொந்தம் என்று கேட்கிறாள், நாளைக்குத் திருடி என்ற பெயர் வரக்கூடாது. வரவேற்பறைக் காட்சியின் முடிவிலேயே ஹிக்கின்ஸின் தாயார் இதை முன்னுணர்ந்து சொல்லியிருந்தார். சீமாட்டியின் பழக்கவழக்கங்கள் ஒரு பெண்ணை உழைத்துச் சாப்பிட முடியாதவளாக்கும், சீமாட்டியின் வருமானத்தை மட்டும் கொடுக்காது. ஆண்கள் இருவரும் அப்போது அதைக் காதில் வாங்கவில்லை.

தனது உண்மையான கல்வி எங்கே தொடங்கியது என்பதை எலிசா ஐந்தாம் அங்கத்தில் சொல்கிறாள். ஒலிப்பயிற்சியில் அல்ல. முதல் நாள் கேணல் பிக்கரிங் அவளை 'மிஸ் டூலிட்டில்' என்று அழைத்தாரே, அங்கே. பூக்காரிக்கும் சீமாட்டிக்கும் உள்ள வேறுபாடு அவள் நடந்துகொள்ளும் விதத்தில் இல்லை, அவளை நடத்தும் விதத்தில் இருக்கிறது என்கிறாள். ஹிக்கின்ஸ் இதற்கு ஒரு சமத்காரமான பதில் வைத்திருக்கிறார். பிக்கரிங் பூக்காரியைச் சீமாட்டிபோல் நடத்துகிறார், நானோ சீமாட்டியையும் பூக்காரிபோலவே நடத்துகிறேன், எல்லோரும் எனக்குச் சமம் என்கிறார். இதைச் சமத்துவக் கொள்கை என்று மெச்சிய விமர்சனங்களை வாசித்திருக்கிறேன். என்னால் உடன்பட முடியவில்லை. ஹிக்கின்ஸின் கடுமொழியால் சீமாட்டிக்கு ஒரு மாலைப்பொழுது கெடும், அவ்வளவுதான். எலிசாவுக்கோ இருக்க இடமே போய்விடும். எல்லோர் மீதும் ஒரே கல்லை எறிந்தாலும் காயம் ஒன்றாக இராது.

இலண்டன் மேடையேற்றத்தில் ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் பியர்போம் ட்ரீ முடிவில் எலிசாவுக்குப் பூக்களை வீசிக் காதல் முடிவாக்கிவிட்டார். ஷா கொதித்துப்போனார். 1916இல் நூலாக வந்தபோது, எலிசா ஃப்ரெடியை மணந்து பூக்கடை வைத்தாள் என்று நீண்ட பின்னுரை ஒன்றை எழுதிச் சேர்த்தார். அது கலையாகப் பெரிய சாதனையல்ல, அடம்பிடிக்கும் ஓர் எழுத்தாளரின் குரல். ஆயினும் அவர் ஏன் அடம்பிடித்தார் என்பது விளங்குகிறது. காதல் முடிவு வந்தால் செருப்பை எறிந்தவளே நாளை அதை எடுத்துக் கொடுப்பவளாகிவிடுவாள். இதே ஷாதான் பின்னாளில், 1930 முதல், பீபீசியின் பேச்சு ஆங்கில ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கி, வானொலியில் எந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று விதித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரருக்கு அந்த நாற்காலி உள்ளூரச் சிரிப்பை மூட்டியிருக்கலாம்.

ஷாவுக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னரே மொலியேர் இந்தச் சந்தையில் கடை போட்டவர். 1670இல் லூயி மன்னர் முன் அரங்கேறிய 'கனவானாக விரும்பிய வணிகன்' நாடகத்தில் துணி வியாபாரியின் மகன் ஜூர்தேன் ஆசிரியர்களை அமர்த்தி வாய் திறந்து உயிரெழுத்துகளை ஒலிக்கப் பழகுகிறார். இதுவரை தாம் பேசியதெல்லாம் உரைநடை என்றறிந்து புளகாங்கிதம் அடைகிறார். இறுதியில் துருக்கிய இளவரசன் வேடமிட்டவனும் கூட்டாளிகளும் தலைப்பாகையும் 'முப்தி'யுமாக ஒரு போலிச் சடங்கு நடத்தி, அர்த்தமற்ற ஒலிகளைத் துருக்கி மொழி என்று சொல்லி அவருக்குப் பிரபுப் பட்டம் சூட்டுகிறார்கள். 1669இல் உஸ்மானியத் தூதர் சுலைமான் ஆகா பிரெஞ்சு அரசவைக்கு வந்துபோனதன் பின்னணியில் எழுந்த கேலி இது. நமது வழிபாட்டு மரபுகள் வெறும் வேடிக்கைப் பொருளாகும் அந்தக் காட்சியை நான் ரசித்து வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். என்றாலும் விளங்காத ஒலி எதுவாயினும் உயர்ந்த மொழிதான் என்று நம்பும் மனத்தை மொலியேர் சரியாகவே பிடித்திருக்கிறார். அவர் சிரிப்பது ஏற முயல்பவரைப் பார்த்து, ஷா சிரிப்பது ஏணிக்குக் கட்டணம் வாங்குபவரைப் பார்த்து. எனக்கு ஷாவே நெருக்கமானவர்.

இனித் தமிழுக்கு வருகிறேன். எலிசாவைத் தமிழ்ப்படுத்தினால் அவள் எந்தத் தமிழ் பேசுவாள்? ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். எனவே மரியாதையைக் காட்ட ஷாவுக்கு 'மிஸ் டூலிட்டில்' தேவைப்பட்டது. நம்மிடம் நீ, நீங்கள், யாழ்ப்பாணத்தின் 'நீர்' என்று படிகளே இருக்கின்றன. ஹிக்கின்ஸ் 'நீ' என்றும் பிக்கரிங் 'நீங்கள்' என்றும் பேசினால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. நம் வீடுகளில் வேலைக்கு நிற்கும் பிள்ளையை 'மகள், இங்க வாங்க' என்றுதான் கூப்பிடுகிறோம். கிழக்கில் காக்கா, மேற்கிலும் மலையகத்திலும் நானா, எல்லா இடங்களிலும் ராத்தா. உறவுமுறைச் சொல் இல்லாமல் நமக்கு வாய் திறக்காது. அந்த 'மகள்' குசினியில் நிலத்தில் இருந்துதான் சாப்பிடுகிறாள். பிக்கரிங்கின் ஒரு சொல் எலிசாவை நிமிர வைத்தது. நம்முடைய இனிய சொற்கள் எவரையும் அப்படி நிமிர வைப்பதில்லை, இருக்கும் இடத்திலேயே இதமாக இருத்திவைக்கின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு இது பெரிய இடைஞ்சல்.

பேச்சு வழக்கை மேடைக்குக் கொண்டுவந்த மரபு நமக்கும் உண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'நானாடகம்' 1940இல் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழிலேயே வந்தது. அதில் 'உடையார் மிடுக்கு' என்ற தலைப்பே அதிகாரத் தோரணையைக் குறிப்பது. பின்னர் வானொலியில் பிறந்து 1976இல் 'கோமாளிகள்' திரைப்படமாகவும் வந்த தொடரில் ராமதாஸின் மரைக்கார், செல்வசேகரனின் உபாலி, ராஜகோபாலின் அப்புக்குட்டி என்று இலங்கையின் பேச்சு வழக்குகள் ஒரே கூரையின் கீழ்ச் சிரித்தன. மரைக்கார் பேச்சைக் கேட்டு நம்மவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அதில் குரோதம் இருக்கவில்லை. ஆனால் அங்கே பேச்சு ஆளின் சமூகத்தைக் காட்டியது, வர்க்கத்தைக் காட்டவில்லை. முஸ்லிம் பேச்சென்றால் ஒரே பேச்சு, முதலாளிக்கும் நாட்டாமைக்காரருக்கும் ஒன்றுதான் என்ற எண்ணம் கேட்பவரிடம் பதிந்துவிட்டது.

'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் ஒதுக்கியதை எதிர்த்து 1960களில் இங்கே மரபுப் போராட்டம் நடந்தது. முற்போக்கு அணியினரின் வெற்றியால் பேச்சுத்தமிழ் கதைகளுக்குள் வந்தது. நமது சிறுகதைகளிலும் வந்தது. யார் வாயில் வந்தது என்று பாருங்கள். மீன்காரர், பாய் இழைக்கும் கிழவி, வேலைக்காரப் பிள்ளை ஆகியோர் ஊர்த்தமிழ் பேசுகிறார்கள். அதிபரும் வைத்தியரும் ஹாஜியாரும் வாய் திறந்தால் பத்திரிகைத் தமிழ். மெய்யாகவே இவர்கள் வீட்டில் பேசுவது உம்மாவிடம் படித்த அதே தமிழைத்தான். எழுதுபவரோ அவர்களுக்கு மரியாதை செய்வதாக எண்ணி அந்தப் பேச்சை அழித்து எழுதிவிடுகிறார். கொவென்ட் கார்டன் தூணின் மறைவில் நின்ற ஹிக்கின்ஸாவது எல்லோருடைய பேச்சையும் ஒரே கவனத்தோடு குறித்துக்கொண்டார்.

நமது மேடைக்கு 'பிக்மேலியன்' வருமானால் நெறியாளர் முதலில் தீர்க்க வேண்டியது எலிசாவை அல்ல, டூலிட்டிலை. ஐந்தாம் அங்கத்தில் அவர் வாசலுக்கு வரும்போது பணிப்பெண் ஓடிவந்து அறிவிக்கிறாள். குப்பைக்காரரா என்று உள்ளிருந்து கேட்கிறார்கள். இல்லை, கனவான் ஒருவர் என்று அவள் மறுக்கிறாள். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல்லே வேண்டியிருக்கிறது. தமிழில் வினைமுற்றின் வால் போதும். இரண்டாம் அங்கத்தில் 'ஒருத்தன் வந்திருக்கான்' என்று கேட்ட அதே மேடையில் இப்போது 'ஒருத்தர் வந்திருக்கார்' என்று சொல்லக் கேட்கும். உள்ளே வந்து வாயைத் திறக்கிறார் டூலிட்டில், பேச்சு அன்றைய பேச்சேதான்.